பிரீதர் குழாயின் கதை



சென்ற இதழ் வெளியான சில வாரங்களில், பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஆயில் வாடை தாங்க முடியவில்லை என்று பி பிளாக்கிலிருந்து புகார் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஜெனரேட்டரைப் பார்த்தார்கள், டீசல் கேன்களைப் பார்த்தார்கள். எங்கும் ஒன்றுமில்லை. கடைசியில் பிடிபட்டது என் கார். வாட்ஸ்அப் குழுவில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் நடந்ததன் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் நான் செய்த தவறை நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

என்னுடையது டர்போ பெட்ரோல் கார். இன்ஜின் நடுங்குகிறது என்று ஒரு வொர்க்ஷாப்பில் விட்டேன். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிக் காட்டினார்கள். உள்ளே அடிப்பிடித்த பாத்திரம் போல ஒரே கறுப்புப் பிசின். சுத்தம் செய்து மாட்டும்போது மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார்: "சார், இந்த பிரீதர் ஹோஸ் வழியாத்தான் ஆயில் உள்ளே போகுது. இதைக் கழட்டிக் கீழே விட்டுட்டு, மேனிஃபோல்ட் பக்கம் ஒரு மூடி போட்டுட்டா இனிமே தொந்தரவே இல்ல." எனக்கும் நியாயமாகவே பட்டது. தலையாட்டினேன். மூன்று மாதம் அந்த ஹோஸ் பேஸ்மென்டுக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நம் பிள்ளைகள் மழைக்காலத்தில் சைக்கிள் ஓட்டும் அதே இடத்தில்.

அந்த மெக்கானிக் சொன்ன ஏற்பாடு புதிதல்ல. 1950களின் அமெரிக்கக் கார்கள் எல்லாமே ஏறக்குறைய அப்படித்தான் ஓடின.

எந்த இன்ஜினிலும் பிஸ்டன் ரிங் முழுமையாக அடைக்காது. எரியும் வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். அதில் எரியாத பெட்ரோல் ஆவி, நீராவி, அமிலம் எல்லாம் உண்டு. வெளியே வழி விடாவிட்டால் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் பிதுங்கும். ஆயிலும் கெட்டுச் சேறாகிவிடும். ஆகவே அந்தக் காலத்தில் இன்ஜினிலிருந்து ஒரு குழாயைக் கீழே இறக்கி, அதன் வாயைச் சாலையைப் பார்த்துச் சாய்வாக வெட்டி விட்டார்கள். வண்டி ஓடும்போது அடியில் வீசும் காற்று அந்த வாயுவை உறிஞ்சி எடுத்துவிடும். நகரும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது, செலவும் இல்லை. பழைய அமெரிக்கச் சாலைப் படங்களில் ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் ஒரு கறுப்புப் பட்டை தெரியும். அதில் பெரும்பங்கு இந்தக் குழாய்கள் சொட்டியதுதான்.

ஒரு குறை உண்டு. வண்டி ஓடினால்தான் உறிஞ்சும். நின்று நின்று போகும் டெலிவரி வேன்களில் வாயு உள்ளேயே தங்கி ஆயில் சேறானது. இன்னொரு சிக்கலை இரண்டாம் உலகப் போரில் ராணுவம் சந்தித்தது. ஆற்றைக் கடக்கும் வண்டியில் திறந்த குழாய் இருந்தால் தண்ணீர் நேரே ஆயிலுக்குள் போகும். அதனால் டாங்குகளிலும் ஜீப்புகளிலும் அந்தக் குழாயை இன்டேக் பக்கம் திருப்பி, இடையில் ஒரு வால்வைப் பொருத்தினார்கள். இன்று நம் மெக்கானிக்குகள் பிசிவி வால்வு என்று சொல்வது இதன் வாரிசுதான். போர் முடிந்ததும் சாதாரணக் கார்கள் பழைய குழாயோடே ஓடின. இலவசக் குழாய் இருக்கும்போது யார் வால்வுக்குக் காசு செலவழிப்பார்கள்?

செலவழிக்க வைத்தது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் காற்று. 1943 ஜூலையில் ஒரு நாள் அந்த ஊரைப் புகைமூட்டம் சூழ்ந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. ஜப்பான் விஷவாயு வீசிவிட்டதோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். முதலில் பழி ஒரு செயற்கை ரப்பர் தொழிற்சாலை மேல் விழுந்தது. அதை நிறுத்திப் பார்த்தார்கள், மூட்டம் நிற்கவில்லை. (நம் ஜெனரேட்டர் மேல் பழி விழுந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

உண்மையைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்து, கலிஃபோர்னியாவின் கால்டெக் கல்விக்கூடத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழ மணத்தைப் பிடிக்கும் அதே முறையில் ஊர்க் காற்றைக் குளிரவைத்துப் பார்த்தார். பழுப்பாக, நாற்றமடிக்கும் சில சொட்டுகள் கிடைத்தன. வாகனங்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். கண்ணை எரித்ததும், ரப்பரில் வெடிப்பு விட வைத்ததும் அந்த வேதிவினைகள்தான்.

அதுவரை எல்லாரும் சைலன்சரை மட்டுமே சந்தேகப்பட்டார்கள். 1950களின் இறுதியில் அளந்து பார்த்தபோது, ஒரு கார் வெளியேற்றும் ஹைட்ரோகார்பனில் ஏறக்குறைய கால் பங்கு வரை அந்தச் சாதாரண பிரீதர் குழாயிலிருந்தே வருவது தெரிந்தது. தீர்வும் கையிலேயே இருந்தது, போர்க்காலத்து வால்வு. 1961 மாடலிலிருந்து கலிஃபோர்னியாவில் விற்ற புதிய கார்களிலும், 1963 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதிலும் அது வந்தது. இடையிலிருந்த தாமதம் தானாக வந்ததல்ல, மாசுத் தடுப்புக் கருவிகளைத் தாமதப்படுத்தப் பெரிய கார் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டன என்று 1969இல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. கம்பெனிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. இனி அப்படிச் செய்வதில்லை என்ற உடன்பாட்டு ஆணையோடு அதே ஆண்டில் வழக்கு முடிந்தது. சில டாலர் பெறாத ஒரு வால்வுக்கு இவ்வளவு இழுபறி என்பதை இன்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

இங்கேதான் உங்கள் மேனிஃபோல்ட் கதைக்குள் வருகிறது. சாலைக்குப் போன அழுக்கை இன்டேக்குக்குத் திருப்பினால் அது மறுபடி எரிந்துவிடும், சரி. ஆனால் அதோடு மிதந்து வரும் ஆயில் துளிகளில் ஒரு பகுதி போகிற வழியில் ஒட்டும். பல ஆண்டுகளுக்கு இது பெரிய தொந்தரவாக இல்லை. கார்புரேட்டரானாலும் மேனிஃபோல்டில் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரானாலும், இன்டேக் வால்வின் பின்புறத்தைப் பெட்ரோலே கழுவிவிட்டது. 1996இல் மிட்சுபிஷி ஜப்பானில் நேரடி இன்ஜெக்ஷன் காரைக் கொண்டுவந்தது. பிறகு மற்ற கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் வால்வைக் கழுவ ஆளில்லை. ஆயில் வால்வின் சூட்டில் வறுபட்டுக் கரியாகப் படிகிறது. டீசல் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஈஜிஆர் வழியாகத் திரும்பி வரும் புகைக்கரியும் இந்த ஆயிலும் சேர்ந்தால் தார்தான். டொயோட்டா இரண்டு வகை இன்ஜெக்டரையும் ஒரே இன்ஜினில் வைத்த மாடல்களைக் கொண்டுவந்தது. அதில் வால்வு கழுவப்படுவதும் ஒரு லாபம்.

அதற்காக ஹோஸைக் கழற்றி விடுவது தீர்வாகாது. இன்றைய பெட்ரோல் கார்களில் கிராங்க் கேஸ் வாயு வெளியே வரவே கூடாது என்பது நம் நாட்டு விதி. பியூசி சோதனையில் மாட்டாது, ஏனென்றால் அங்கே சைலன்சர் முனையை மட்டும்தான் பார்க்கிறார்கள். என் காருக்கும் சான்றிதழ் கிடைத்தது! உறிஞ்சுதல் இல்லாததால் ஈரமும் அமிலமும் ஆயிலிலேயே தங்கியதும் பிறகுதான் தெரிந்தது. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர் கலந்த மாதிரி வெளுத்த பிசுக்கு.

சரி, சேராமல் தடுக்க என்ன வழி? முதல் காரணம் நாம் ஓட்டும் விதம். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பினால் ஆயில் சூடாவதே இல்லை. உள்ளே சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கு மேல் ஊற்ற விடாதீர்கள். "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று ஊற்றும் ஆயில் நுரைத்து பிரீதர் வழியாகத்தான் போகும். கம்பெனி சொன்ன தரத்து ஆயிலையே ஊற்றுங்கள், உரிய நேரத்தில் மாற்றுங்கள். பிசிவி வால்வு தனியாகக் கழற்றும் வகையாக இருந்தால் கையில் எடுத்துக் குலுக்குங்கள். கலகலவென்று சத்தம் வராவிட்டால் உள்ளே ஒட்டிக்கொண்டது என்று பொருள், மாற்றிவிடுங்கள். சத்தம் வந்தாலும் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் என்பதால் அதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல புதிய கார்களில் வால்வும் ஆயில் பிரிப்பானும் வால்வு கவரிலேயே சேர்ந்திருக்கும். அதை சர்வீஸில்தான் பார்க்க முடியும்.

சிலர் கேட்ச் கேன் போடுகிறார்கள். பிரீதருக்கும் இன்டேக்குக்கும் நடுவில் ஒரு டப்பா, ஆயில் அதில் தங்கும், வாயு மட்டும் இன்டேக்குக்குப் போகும். நல்லதுதான், ஆனால் இரண்டு பக்கமும் ஹோஸ் மாட்டிய மூடிய டப்பாவாக இருக்க வேண்டும். மேலே குட்டி ஃபில்டர் வைத்துத் திறந்துவிடும் வகை, என் ஹோஸ் செய்த வேலையையே அழகாகச் செய்யும். வாரண்டி இருக்கும் வண்டி என்றால் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

என் காரில் ஹோஸைத் திரும்ப மாட்டி ஆயிலையும் மாற்றிவிட்டேன். வாடை போய்விட்டது என்று பி பிளாக்கில் சொன்னார்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: கேட்ச் கேனில் சேரும் கறுப்புத் தண்ணீரைப் பேஸ்மென்ட் டிரெயினில் ஊற்ற வேண்டாம். அந்த டிரெயின் நம் மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகிறது. ஒரு பழைய பாட்டிலில் மூடி வைத்திருந்து, அடுத்த சர்வீஸில் பழைய ஆயிலோடு கொடுத்துவிடுங்கள்.