கயிற்றின் மறுமுனை



மேலை நாடுகளில் ஆலைக் கழிவுநீர்த் தொட்டியில் கசிவு ஏற்பட்டால் அதைத் தேடத் தொழில்முறை மூழ்காளிகள் இறங்குகிறார்கள். தொட்டியைக் காலி செய்வதில்லை. உடல் முழுவதையும் மூடிய ரப்பர் உடை, தலைக்கவசம், அதற்குள் மேலேயிருந்து குழாய் வழியே வரும் காற்று. விரிசல் இருக்கலாம் என்று தோன்றும் இடத்தில் மூழ்காளி கொஞ்சம் சாயத்தை விடுவார். சாயம் எங்கே இழுபடுகிறதோ அங்கே ஓட்டை. கரையில் ஒருவர் அவருடைய கயிற்றையும் குழாயையும் கவனித்தபடி நிற்பார். அதற்கும் சம்பளம் உண்டு.

நமக்கு இது புதிதா என்ன? மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவரின் கயிறும் தோணியில் ஒருவர் கையில்தான் இருந்தது. கடலுக்குக் கிடைத்த அந்தக் கயிறு சாக்கடைக்குக் கிடைக்கவில்லை. தொழில்நுட்பம் போதாததால் அல்ல, இறங்குகிறவரின் சாதியால் என்கிறோம் நாம்.

சட்டத்தில் கயிறு இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, நச்சுக்காற்று இருக்கக்கூடிய தொட்டியில் ஒருவர் இறங்க 2025 வரை இரண்டே வழிகளைச் சொன்னது. தகுதியுள்ளவர் சோதித்து, ஆபத்தில்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையேல் இறங்குபவருக்குச் சுவாசக் கருவியும், இடுப்புவாரில் கட்டிய கயிறும் வேண்டும். அதன் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அப்போது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். தோல் தொழிலைச் சொல்லியே இழிவுபடுத்தப்பட்ட சமார் சாதியில் பிறந்தவர்.

தோல் பதனிடும் ஆலையில் மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுவார்கள். அந்தக் கழிவுநீரோடு அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவது இதனால்தான்.

2015 ஜனவரி 31 அதிகாலை. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொட்டிக்குள் இறங்காதவர்களையும் தொட்டி தேடிவந்து மூழ்கடித்தது. அந்தச் சுவரில் கசிவைத் தேடியது யார்?

பாதாளச் சாக்கடைச் சாவுக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் என்றது, 2023இல் 30 லட்சம் என்றது. இழப்பீடு ஏறியிருக்கிறது. இறக்குவது நிற்கவில்லை.

இதை வெள்ளிமலையில் பேசக் காரணம் உண்டு. கல்வராயன் மலையில் ஜாகிர்தார் ஆதிக்கம் முடிந்தது 1976இல்தான். அதுவரை மலையாளிப் பழங்குடி மக்கள் கூலியில்லாத வெட்டி வேலை செய்தார்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் வெளியூர்களுக்கு வேலை தேடிப் போகிறார்கள். மேஸ்திரியைத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்கு முதலாளியைத் தெரியாது. தொட்டியில் இறங்கு என்று எவராவது சொன்னால், சான்று எங்கே, கயிற்றை யார் பிடிப்பது என்று அவர்கள் கேட்க வேண்டும். அந்த 36ஆம் பிரிவு சொன்னதை எளிய தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாக அச்சிட்டு இந்த மலை ஊர்களுக்கு நாம் கொண்டுபோகலாம்.