1984 ஜூலையில் போடிக்கு வந்த மாடஸ்டி

1984 ஜூலையில் தமிழில் இரண்டு காமிக்ஸ் இதழ்கள் ஒரே மாதத்தில் பிறந்தன. தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ், சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ். ராணியின் முதல் இதழ் 'அழகியைத் தேடி' என்ற ஜேம்ஸ்பாண்ட் கதை. லயனின் முதல் இதழ் 'கத்திமுனையில் மாடஸ்டி'. இதையெல்லாம் மாதம், வருஷம் பிசகாமல் சொல்பவர்கள் காமிக்ஸ் பைத்தியங்கள் மட்டும்தான். போடிநாயக்கனூரில் மற்றவர்களிடம் அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால், "83 வறட்சிக்கு மறுவருஷமா?" என்பார்கள். மழை பொய்த்து மலையில் ஏலச்செடி கருகிய காலம் அது. நிழலும் ஈரமும் இல்லாமல் ஏலம் பிழைக்காது. செத்த செடிக்குப் பதில் புதுச்செடி வைத்தால் அது காய்ப்புக்கு வர மூன்று வருஷம் பிடிக்கும். அதற்குள் குவாதமாலாக்காரன் அரபு நாடுகளின் சந்தையில் கால் ஊன்றிவிட்டான்.

எங்கள் அப்பா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை அருகே ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. சம்பளத்தில் பாதி கையில் வரும், மீதி கணக்கில் நிற்கும். அப்படிப்பட்ட வருஷத்தில் என் அண்ணன் பஸ் ஸ்டாண்டு கடையில் காசு கொடுத்துப் பொம்மைப் புஸ்தகம் வாங்கி வந்தான் என்றால், வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அம்மா திட்டி முடித்தபின் அவன் வாங்கியதை நான் எடுத்துப் படித்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது.

அந்த லயன் முதல் இதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை இல்லை, பின் துருவேறி நடுப்பக்கம் கழன்றுவிட்டது. நான் இப்போது போடியில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் கணக்கு முடித்தபின் சில நாள் அதைப் புரட்டுவேன்.

லயன் ஒன்றும் திடீரென்று முளைத்ததல்ல. அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே சிவகாசியில் முத்து காமிக்ஸ் வந்துவிட்டது. 1972 ஜனவரியில் சௌந்தரபாண்டியன் அதைத் தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. அதே 1972 ஜனவரி 26ஆம் தேதிதான் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் பிறந்தது. எங்கள் அப்பா வேலை பார்த்த தோட்டம் புது மாவட்டத்துக்குப் போக, எங்கள் வீடு மதுரை மாவட்டத்திலேயே நின்றது. தேனி மாவட்டமெல்லாம் தொண்ணூறுகளில் வந்த பேச்சு. மாயாவியும் இடுக்கியும் நானும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள் என்று அண்ணன் கேலி செய்வான்.

சிவகாசி ஏன் காமிக்ஸ் ஊரானது என்பது லேசாக விளங்கக்கூடிய காரியம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் காலண்டர், டைரி என்று தொழில் விரிந்தது. கலர் மசியும் காகிதமும் பழகின ஆட்களும் ஊருக்குள்ளேயே இருக்கும்போது படக்கதை அச்சடிப்பது பெரிய தாண்டல் இல்லை. கதைதான் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. அது லண்டனிலிருந்து வந்தது. இரும்புக்கை மாயாவி என்று நாம் கொண்டாடிய லூயிஸ் கிராண்டேல், 1962 அக்டோபரில் 'வேலியன்ட்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகையின் முதல் இதழில் பிறந்தவர். ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர் படம் வரைந்தார். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். கரண்டு இல்லாத தோட்டத் தொழிலாளர் லயங்களில் இருந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதை எப்படிப் பிடித்தது என்று யோசித்திருக்கிறேன். மாயாவிக்கு வேண்டிய கரண்டு எங்களிடம் இல்லை என்பதே ஒரு சுவாரசியம். பூப்பாறைக்கு மாயாவி வந்தால் ஒரு மாசம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துகொண்டே திரிய வேண்டியதுதான்.

சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், இருபது வயதுகூட ஆகாத பருவத்தில் லயனை ஆரம்பித்தார். அதன் முதல் நாயகனாக மாயாவி மாதிரி ஓர் ஆணைப் போடாமல் ஒரு பெண்ணைப் போட்டார். வியாபாரக் கணக்குப் பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அது துணிச்சலான முதலீடு. எதிரே ஜேம்ஸ்பாண்ட் நிற்கிறார், அதுவும் தினத்தந்தி போகும் ஊருக்கெல்லாம் போகக்கூடிய விநியோக பலத்தோடு. சிவகாசிக்காரருக்கு ஏஜெண்டுகள்தான் கதி.

இந்த இரண்டு முதல் இதழ்களுக்கும் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு, அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. மாடஸ்டியை எழுதிய பீட்டர் ஓ'டோனல்தான், அதற்குமுன் லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழுக்காக 'டாக்டர் நோ' ஜேம்ஸ்பாண்ட் கதையைப் படக்கதையாக எழுதிக் கொடுத்தவர். மாடஸ்டியையும் முதலில் அதே பத்திரிகைக்குத்தான் எழுதினார். அவர்கள் வேண்டாமென்று விட, 1963 மே மாதம் 'ஈவினிங் ஸ்டாண்டர்டு' மாலைப் பத்திரிகையில் வெளிவந்தது. படம் ஜிம் ஹோல்டவே. ஆக 1984இல் போடி பஸ் ஸ்டாண்டுக் கயிற்றில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கி ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்தவை, ஒரு வகையில் பங்காளிகள்.

ஓ'டோனல் அந்தப் பெண்ணை எங்கே பிடித்தார் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். 1942இல் அவர் பட்டாளத்து வயர்லெஸ் பிரிவில் வட பாரசீகத்தில் இருந்தார். அங்கே அகதிகள் நடந்து வந்துகொண்டிருந்த வழியில், கூட யாரும் இல்லாமல் ஒரு சிறுமி வந்தாள். கையில் தற்காப்புக்குத் தானே செய்துகொண்ட ஓர் ஆயுதம். சிப்பாய்கள் சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டாள், கொடுத்ததை வாங்கிக்கொண்டாள், சிரித்துவிட்டுத் தன் வழியே போய்விட்டாள். இருபது வருஷம் கழித்து, சண்டைபோடத் தெரிந்த ஒரு பெண்ணைக் கதைக்குத் தேடியபோது அந்தச் சிறுமி வளர்ந்திருந்தால் எப்படி இருப்பாள் என்று யோசித்தார். ஊர், பேர், தாய் தகப்பன் எதுவும் நினைவில்லாத அகதிப் பெண், சொந்தமாக ஒரு கூட்டத்தை நடத்தி, பணம் சேர்த்து, ஓய்வு பெற்று, பிறகு பொழுது போகாமல் பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு உதவுகிறாள். கூடவே கார்வின். கத்தி வீசுவதில் சூரன். அவளை விரும்புகிறானா என்றால் விரும்புகிறான், ஆனால் காதலன் இல்லை. அவள் சொன்னதைச் செய்பவன். ஆம்பளை ஒருத்தன் பொம்பளை சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அதில் சிறுமையும் படாமல் இருப்பதை நான் முதலில் பார்த்தது அந்தப் பக்கங்களில்தான். சினிமாவில் அப்போது அப்படி யாரும் எனக்குத் தட்டுப்படவில்லை.

மலையில் பொம்பளைகள் சொல்லுக்கு மதிப்பில்லையா என்று கேட்டால், ஏலத்தோட்டம் முழுக்க அவர்கள் கையில்தான் ஓடியது. காய் எடுப்பது அவர்கள். செடியின் அடியில் தரையோடு தரையாகப் படரும் சரத்தில், பழுக்க இருக்கும் பருவம் பார்த்து ஒவ்வொரு காயாகக் கிள்ள வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தபடியே வேலை, காலில் அட்டை. எடுத்த காயை ஸ்டோரில் கொட்டி, விறகு எரித்து, குழாய்ச் சூட்டில் பச்சை நிறம் போகாமல் உலர்த்துவார்கள். உலர்ந்தது மூட்டையாகப் போடிக்கு இறங்கும். இங்கே சல்லடையில் சலித்து, காம்பு நீக்கி, நிறம் பார்த்துப் பொறுக்குவதும் பெண்கள். ஆனால் எடை போடுபவர், சீட்டு எழுதுபவர், விலை சொல்பவர் என்று எல்லாரும் ஆண்கள். கணக்கப்பிள்ளை மகளான எனக்கு அந்தச் சீட்டுப் புஸ்தகத்தின் பின்பக்க வெள்ளைதான் நோட்டு.

காலாண்டு லீவுக்கு மலைக்குப் போகும்போது மாடஸ்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப அண்ணன் வாந்தி எடுப்பான், புஸ்தகத்தை நான் மடியில் பத்திரமாக வைத்திருப்பேன். தோட்டத்தில் மழை பிடித்தால் வெளியே போக முடியாது. ஸ்டோரின் கதகதப்பில் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் கூடுவோம். அவர்களில் எனக்கு மூன்று நாலு வயது மூத்த ஓர் அக்கா இருந்தார். காய் எடுக்கப் போகிறவர், பள்ளிக்கூடம் பார்க்காதவர். எழுத்துக் கூட்டத் தெரியாது. படத்தைப் பார்த்துக் கதை சொல்வார். அந்தக் கதை புஸ்தகத்தில் இருந்த கதை இல்லை. நான் வசனத்தைப் படித்துக் காட்டினால், "அது கெடக்கு பாப்பா, இப்ப அவ எந்த வழியாப் போகப்போறா, அதச் சொல்லு" என்பார்.

அங்கேதான் ஆட்டம் ஆரம்பித்தது. ஸ்டோர்த் தரையில் கரிக்கட்டையால் போடிமெட்டுச் சாலையை வரைவோம். முந்தல், வளைவுகள், மெட்டுச் செக்போஸ்ட், பூப்பாறை. ஆளுக்கு ஒரு வேஷம். நான் மாடஸ்டி, அண்ணன் கார்வின், ஒருவன் எப்போதும் செக்போஸ்ட் போலீஸ், சின்னப் பிள்ளைகள் கடத்தல்காரர்கள். யாருக்கு என்ன பலம், என்ன ஆயுதம், எத்தனை உயிர் என்பதைச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன். அக்காவுக்கு வேஷம் கிடையாது. அவர்தான் கதை நடத்துபவர். "இப்ப மூடுபனி எறங்கிருச்சு. எதிர்ல ஒரு ஜீப்பு, வெளக்கு இல்லாம வருது. என்ன செய்வே?" என்று கேட்பார். நான் ஒன்று சொல்வேன். அது நடக்குமா நடக்காதா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். தாயம் விழுந்தால் நினைத்தது நடக்கும். ஐந்தும் ஆறும் பன்னிரண்டும் விழுந்தால், வீட்டில் ஆடும் தாயம்போலவே, இன்னொரு வீச்சு உண்டு. இரண்டோ மூன்றோ விழுந்தால் அக்கா இஷ்டம். அக்கா இஷ்டம் என்றால் பெரும்பாலும் பள்ளத்தாக்குதான்.

என் கூடப்பிறந்த அக்காவின் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இதையேதான் விளையாடுகிறான். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெட்டியில் போட்டு விற்றார்களாம். 1976 ஜூனில் அதற்கென்றே 'தி டிராகன்' என்று தனிப் பத்திரிகை. அதன் பழைய இதழ்களைப் போனில் எனக்குக் காட்டினான். பூதம், வாள், குகை. கதை நடத்துபவருக்கு அங்கே பட்டப்பெயர் உண்டு, இருபது முகம் உள்ள பகடை உண்டு, ஒவ்வொரு அடிக்கும் அட்டவணை உண்டு. பார்த்ததும் எனக்குத் தோன்றியது, இவ்வளவு விதி எழுத வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏன் வந்தது என்பதுதான். ஒருவேளை அவர்களிடம் அக்கா இல்லை. விதிகள் அச்சில் இருந்ததால் அந்த ஆட்டம் உலகம் பூராவும் போனது. எங்களுடையது அந்த ஸ்டோரைத் தாண்டவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

போடியில் பழைய காமிக்ஸ் கிடைக்காது, காரணம் எளிது. படித்து முடித்த புஸ்தகம் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகும், அங்கிருந்து பலசரக்குக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போகும். அண்ணன் சேர்த்த ராணி காமிக்ஸ் அத்தனையும் அப்படித்தான் போயின. ராணி 500 இதழ்கள் வந்து 2005இல் நின்றது. லயனும் நடுவில் தடுமாறி, மாதக்கணக்கில் வராமல் கிடந்து, 2012 ஜனவரியில் ஒரு மறுவருகைச் சிறப்பிதழோடு எழுந்தது. அதற்குப்பின் நல்ல தாள், முழு வண்ணம், சந்தா, புத்தகக் காட்சியில் தனி ஸ்டால் என்று ஆளே மாறிவிட்டது. வாங்குபவர்கள் பெரும்பாலும் என் வயசுக்காரர்கள். புதுப்பிள்ளைகள் குறைவு என்று தோன்றுகிறது. பளபளப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விலைப் புஸ்தகத்தை யாரும் ஈரக் கையோடு தொடச் சம்மதிக்க மாட்டார்கள், கரிக்கட்டை பக்கத்தில் வைக்கவும் மாட்டார்கள். எங்கள் இதழில் ஏலக்கறை படிந்த விரல் ரேகை சில பக்கங்களில் உண்டு. ஓ'டோனல் தன் 81ஆவது பிறந்தநாளான 2001 ஏப்ரல் 11 அன்று மாடஸ்டியின் கடைசிப் படக்கதையை முடித்துக்கொண்டார். ஹோல்டவே 1970இலேயே போய்விட்டார், பிறகு ரொமேரோ என்ற ஸ்பெயின்காரர் வரைந்தார். எனக்கு ஹோல்டவே கோடுதான் கோடு.

போன பொங்கலுக்கு வந்த அக்கா மகன், எங்கள் ஆட்டத்தைத் தன் மேஜையில் ஆடிப்பார்க்க வேண்டும், விதிகளை எழுதிக் கொடுங்கள் சித்தி என்று உட்கார்ந்துவிட்டான். எனக்கு நினைவிருந்த மட்டும் எழுதினேன். ஒரு சந்தேகம் வந்தது. வளைவில் வண்டி சறுக்கினால் அதே இடத்தில் ஒரு சுற்று நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அந்த அக்கா இப்போது போடியிலேயே காய் பொறுக்கும் வேலையில் இருக்கிறார், பேரன் பேத்தி எடுத்தாயிற்று. அவரைத் தேடிப் போய்க் கேட்டேன். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு சொன்னது அங்கயே நிக்கணும்னு? சறுக்குனா நேரா முந்தலுக்கு வந்து, திரும்ப மொதல்ல இருந்து ஏறணும். நீ கணக்கப்பிள்ள மகள்னு அப்பவே ஒனக்குத் தோதா மாத்தி எழுதிக்கிட்ட."

எழுதியதை அடித்துத் திருத்தினேன். கார்வினுக்கு எத்தனை கத்தி என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. அண்ணன் பத்து என்கிறான், அக்கா நாலுக்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.