லைப்சிக் 1960: யாரும் வெல்லாத ஓர் ஆட்டம்

செஸ் வரலாறு எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். எல்லாரும் வெற்றிக் கதைகளையே சொல்கிறார்கள். நான் டிராவில் முடிந்த ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன்.

1960-ல் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒலிம்பியாட் நடந்தது. நம் மானுவல் ஆரோனும் அதில் இந்தியாவுக்காக ஆடினார். சோவியத் அணியும் அமெரிக்க அணியும் மோதியபோது முதல் பலகையில் வெள்ளைக் காய்களுடன் அமர்ந்தவர் மிகயீல் டால். வயது 23, அவ்வாண்டுதான் உலகச் சாம்பியன் ஆனவர். எதிரே 17 வயது பாபி ஃபிஷர். முந்தைய ஆண்டு கேண்டிடேட்ஸ் போட்டியில் இருவரும் நான்கு முறை ஆடி, நான்கிலும் டாலே வென்றிருந்தார். பையன் மனத்தில் அது இருந்திருக்காதா?

டால் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். இதற்கு ஃபிஷர் வழக்கமாக ஆடுவது சிசிலியன். அன்று ஆடியதோ பிரெஞ்சு தற்காப்பு, அதிலும் வினாவர் வகை. அதே ஆண்டு பியூனஸ் அயர்ஸில் ஊல்மன் இதே வினாவரை ஆடி அவரைத் தோற்கடித்திருந்தார். தன்னை அடித்த கம்பையே கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்!

ஐந்தாம் நகர்த்தலில் வெள்ளைச் சிப்பாய் மந்திரியை மிரட்டும். மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வாங்குவதே வழக்கம். ஃபிஷர் மந்திரியைப் பின்னுக்கு இழுத்தார். 1954 உலகச் சாம்பியன் போட்டியில் பொட்வின்னிக் இப்படி ஆடித்தான் ஸ்மிஸ்லோவிடம் தோற்றார். அந்த இருவருமே இப்போது டாலின் அணியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அத்துபடியான பாதையில் போய் நிற்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

டாலின் ராணி இரண்டு சிப்பாய்களை விழுங்கியது. பத்தாவது நகர்த்தலில் ஃபிஷர் பொட்வின்னிக்கின் வழியை விட்டு விலகிக் குதிரையை மையம் நோக்கி எடுத்தார். 14-ல் அதே குதிரையால் மையச் சிப்பாயை வெட்டினார். அப்புறம் இரு பக்கமும் வெட்டோ வெட்டு. 18-ல் ஃபிஷரின் யானை வெள்ளை ராஜாவின் முன்னிருந்த சிப்பாயை வெட்டிச் செக் வைத்தது. 21-ல் ராணி செக். அதற்குமேல் ராஜா எங்கே ஒதுங்கினாலும் செக்தான். டிரா.

தங்கம் சோவியத்துக்கு, வெள்ளி அமெரிக்காவுக்கு. பின்னாளில் தம் ஆட்டங்களில் அறுபதைப் பொறுக்கி ஃபிஷர் 1969-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த டிராவும் உண்டு. 1961-ல் பிளெட் நகரில் அவர் டாலை வென்றேவிட்டார். ஆனால் அந்தப் போட்டியில் முதலிடம் டாலுக்குத்தான்.