கல்லில் பெயர் பொறித்த கைவினைஞர்

நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில், இளைஞர்கள் அறிய வேண்டிய வரலாற்றுச் செய்தி ஒன்றை முன்வைக்க விழைகின்றோம். மகாராட்டிர மாநிலத்து மலைகளில் குடையப்பட்ட பௌத்தக் குகைகளே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அஜந்தா, எல்லோரா, கார்லே, கன்னேரி, நாசிக், ஜுன்னர் ஆகிய இடங்களை நாடி ஆண்டுதோறும் மக்கள் திரளாகச் செல்கின்றனர். அஜந்தாவையும் எல்லோராவையும் யுனெஸ்கோ நிறுவனம் 1983இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. கண்டு வியந்து திரும்புவோர் பலர். இவை யார் பொருளால், யார் உழைப்பால் எழுந்தன என வினவுவோர் சிலரே.

துறவிகள் தங்கும் சிற்றறைகளைக் கொண்டது விகாரம். உட்கோடியில் தூபி அமைந்த வழிபாட்டு மண்டபம் சைத்தியம். கார்லே சைத்தியம் ஏறத்தாழ 124 அடி நீளமும் 45 அடி உயரமும் உடையது. அதன் கூரையில் பொருத்திய மர வளைவுகள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக நிலைத்துள்ளன. யாம் அங்குச் சென்றபோது, உடன்வந்த வழிகாட்டி மன்னர்களைப் பற்றியே பேசினார். ஆயின் அங்குள்ள கல்வெட்டு ஒன்று, தேனுகாகடம் என்னும் ஊரினனாகிய சாமி என்ற தச்சன் வாயில் முகப்பைச் செய்தான் என்று கூறுகின்றது. அவன் தந்தையின் பெயரும் அதில் உண்டு. தூண்களைக் கொடையளித்தோருள் யவனர் பலர்.

நாசிக் கல்வெட்டு ஒன்று இன்னும் வியப்பானது. நகபானனின் மருமகன் உசவதாதன், பிக்குகளின் ஆடைக்காக 2000 காசுகளை நெசவாளர் சங்கம் ஒன்றில் வைப்பு வைத்தான். வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்று. அரச குடும்பத்தவனே தன் பணத்தை நெசவாளரை நம்பி ஒப்படைத்தான் என்பது கருதற்பாலது. ஜுன்னர்க் கல்வெட்டுகளில் மூங்கில் வேலை செய்வோர் சங்கமும் கன்னார் சங்கமும் காணப்படுகின்றன.

குகை அன்றாயினும், ஆந்திர நாட்டு அமராவதிப் பௌத்தத் தூபியையும் இங்கே நினைவுகூர்தல் தகும். அங்கு நிறைகுடம் செதுக்கிய பலகை ஒன்றை அளித்தவன் விதிகன் என்னும் தோல்தொழிலாளி. தாய், மனைவி, உடன்பிறந்தார், மகன் ஆகியோருடன் சேர்ந்து அளித்ததாக அவன் பொறித்துள்ளான். இவர்கள் நம் முன்னோர் என உரிமை கொண்டாட நமக்குச் சான்றில்லை; வேண்டுவதும் இல்லை. தொழிலின் பெயரைத் தன் பெயரோடு கல்லில் வெட்டுவதற்கு அன்று ஒருவன் நாணவில்லை என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

இக்குகைகளில் மழைநீர் தேக்கும் தொட்டிகளும் பாறையில் வெட்டப்பட்டுள்ளன. கன்னேரியில் இவை மிகுதி. குகையோடு நீர்த்தொட்டியையும் அறமாக அளித்ததாகக் கல்வெட்டுகள் பல கூறுகின்றன. அந்த நீரின் நாட்டிலேதான் 1934ஆம் ஆண்டு நிகழ்ச்சியும் நடந்தது. எல்லோராக் குகைகளைக் காணும் திட்டத்தோடு அண்ணல் அம்பேத்கர் சுமார் முப்பது தோழர்களுடன் பயணம் மேற்கொண்டார். வழியில் தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் அவர்கள் முகம் கழுவியதும், குளம் தீட்டாயிற்று என்ற கூச்சல் எழுந்தது. எங்கும் நீரைத் தொடலாகாது எனக் கண்காணிக்க ஆயுதக் காவலன் உடன்வரவே அவர்கள் கோட்டையைக் காண நேர்ந்தது.

அண்ணல் அவமானத்தோடு நின்றுவிட்டாரில்லை. 1950இல், எல்லோராவுக்கு அணித்தான ஔரங்காபாத்தில், இன்று சத்ரபதி சம்பாஜிநகர் எனப்படும் அந்நகரில், அவர்தம் மக்கள் கல்விக் கழகம் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. நாகசேனரிடம் வினா எழுப்பிய யவன மன்னன் மிலிந்தன் பெயரே பின்னர் அதற்குச் சூட்டப்பட்டது.

இளைஞர்களே! நீங்கள் அக்குகைகளுக்குச் செல்லுங்கள். ஓவியத்தின் அழகைக் கண்டு மகிழுங்கள். அத்துடன் தச்சனின் பெயரையும் தேடுங்கள். நீர்த்தொட்டியின் அருகே சற்று நில்லுங்கள். வினவிக் கற்பவனுக்கே கல்லும் வாய் திறக்கும். நம் சங்கம் ஏற்றிய கல்வி விளக்கு அதற்கு ஒளி தருவதாகுக!