குளச்சல் போரும் ஒன்றரை மில்லிமீட்டரும்

குளச்சல்ல டச்சுக்காரனை மார்த்தாண்ட வர்மா தோற்கடிச்ச கதை எங்க ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் தெரியும். 1741 ஆகஸ்ட் 10 (பழைய நாட்காட்டிப்படி ஜூலை 31). வெற்றித்தூண் இன்னமும் நிக்குது. பனந்தடியை வண்டியில ஏத்தி பீரங்கி மாதிரி காட்டினதாச் சொல்ற கதையையும், பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே 'வலிய கப்பித்தான்' ஆனதையும் ஆயிரம் தடவை கேட்டாச்சு. அதனால அதையெல்லாம் விட்டுடறேன். நான் சொல்ல வந்தது அந்தப் போர்ல கைக்கு வந்த துப்பாக்கிகளைப் பத்தி.

சங்குண்ணி மேனன் 1878-ல் எழுதின திருவிதாங்கூர் வரலாற்றுல, பிடிபட்ட சாமான்களோட கணக்கு வருது. 389 துப்பாக்கி, சில பீரங்கிகள், ஏகப்பட்ட வாள். வாள் கிடைச்சா அன்னைக்கே வீசலாம். துப்பாக்கி அப்படியில்ல. அந்தக் குழலுக்குப் பொருந்துற குண்டு வேணும். குண்டு வார்க்க அதே அளவுல அச்சு வேணும். இல்லேன்னா 389-ம் வெறும் இரும்புத்தடிதான்.

அந்தக்காலத் துப்பாக்கியை வாய்வழியாத்தான் நிறைக்கணும். கோயில் திருவிழாவுல கதினா போடறதைப் பார்த்தவங்களுக்குச் சட்டுனு புரியும். மருந்தைக் கொட்டணும், மேல குண்டைப் போடணும், கம்பியால இடிக்கணும். குண்டு இறுக்கமா இருந்தா உள்ளே போகாது. தளர்வா இருந்தா மருந்துப் புகை பக்கவாட்டுல ஓடிப் போயிடும், குண்டுக்கு வேகம் இருக்காது.

அப்போ எவ்வளவு இடைவெளி விட்டாங்க? இங்கிலீஷ்காரனோட 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியை எடுத்துக்குவோம். குழலோட விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர். குண்டு சுமார் 17.5. ஆக, ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. வேணும்னேதான் விட்டாங்க. கருமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல கரியும் உப்புமா ஆகிடும், அதுல ஒரு பங்கு குழலுக்குள்ளேயே ஒட்டிக்கும். ஈரக்காத்து பட்டா அது பிசுபிசுன்னு ஆகிடும். நாலஞ்சு வெடிக்குள்ள குழல் குறுகிப்போகும். சண்டைக்கு நடுவுல குண்டு பாதி வழியில சிக்கினா ஆள் காலி. அதனால குறி போனாலும் பரவாயில்ல, வேகமா நிறைச்சா போதும்னு முடிவு பண்ணினாங்க. வரிசையா நின்னு ஒரே சமயத்துல சுட்டா யார் மேலயாவது படும், அவ்வளவுதான் கணக்கு!

குண்டோட அளவைக் கணக்கு வெச்சதும் சுவாரஸ்யம். ஒரு ராத்தல் ஈயத்துல எத்தனை உருண்டை வரும்னு எண்ணுவாங்க. இன்னைக்கும் 'பன்னிரண்டு போர்' துப்பாக்கின்னு சொல்றோமே, அது இதுதான். ஒரு ராத்தலுக்கு 12 உருண்டை, ஒவ்வொண்ணும் 18.5 மில்லிமீட்டர். (சண்டைப் 'போர்' இல்ல சாமி, குழல்!)

இந்த இடைவெளி என்ன கெடுதல் பண்ணுதுன்னு முறையா ஆராய்ஞ்சவர் பெஞ்சமின் ராபின்ஸ்னு ஒரு இங்கிலீஷ்காரர். அவரோட பீரங்கியியல் புத்தகம் வந்தது 1742-ல், குளச்சல் போருக்கு மறு வருஷம். குண்டு குழலுக்குள்ள அங்கேயும் இங்கேயும் முட்டிக்கிட்டே வரும். அதனால தாறுமாறாச் சுழலும், சுழற்சிக்கு ஏத்த பக்கம் வளைஞ்சு போகும்னு சோதனை பண்ணிக் காட்டினார். 1747-ல் அடுத்த படி. குழலுக்குள்ள திருகு வரி வெட்டி, குண்டை இறுக்கமாப் பொருத்தினா நேராப் போகும்னு ராயல் சொசைட்டியில கட்டுரை படிச்சார். இந்த மனுஷன் கடைசியில எங்கே செத்தார் தெரியுமா? நம்ம கடலூர்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டை கட்ட வந்தவர், 1751-ல் தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டையில காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டார்.

வரி வெட்டின குழல் வேட்டைக்காரங்க கிட்ட ஏற்கெனவே இருந்துது. குண்டைக் குழலை விடக் கால் மில்லிமீட்டர் சின்னதா வார்த்து, எண்ணெய் தடவின துணித்துண்டுல பொதிஞ்சு இடிப்பாங்க. துணி இடைவெளியை அடைச்சு, வரியைப் பிடிச்சுக் குண்டைச் சுழற்றும். குறி பிரமாதம். ஆனா நிறைக்க ரொம்ப நேரம் ஆகும், படைக்கு ஒத்து வராது.

போகும்போது தளர்வு, வரும்போது இறுக்கம். இது ரெண்டும் ஒரே குண்டுல எப்படிக் கிடைக்கும்?

வழி நம்ம தென்னாட்டுல கிடைச்சதா துப்பாக்கி வரலாறுகள் சொல்லுது. 1823-ல் இங்கே இருந்த கேப்டன் நார்ட்டன், நம்ம ஆளுங்களோட ஊதுகுழல் அம்பைப் பார்த்திருக்கார். அம்போட அடியில நெட்டி மாதிரி மெத்துனு ஒண்ணு. ஊதினா அது விரிஞ்சு குழலை அடைச்சுக்கும், காத்து வீணாகாது. அதை வெச்சு அடிப்பக்கம் குழிவான ஈயக்குண்டு செஞ்சார். உள்ளே போகும்போது தளர்வு. மருந்து வெடிச்சதும் குழிவுப் பக்கம் விரிஞ்சு வரியைக் கவ்விக்கும். ஈயம் சுத்தமா இருக்கணும், தகரம் கலந்து கெட்டியாச்சுன்னா விரியாது. பிரிட்டிஷ் அரசாங்கம் இதைக் கண்டுக்கல. 1835 வாக்குல கிரீனர் இன்னொரு வகை செஞ்சார், அதையும் கண்டுக்கல. 1849-ல் பிரெஞ்சுக்காரர் மினியே செஞ்சதும் 20,000 பவுன் கொடுத்து வாங்கினாங்க. கிரீனருக்குப் பிறகு 1,000 பவுன். ஊதுகுழல் ஊதினவனுக்கு ஒண்ணுமில்ல, வழக்கம்போல.

அந்த வழியில வந்ததுதான் 1853 என்ஃபீல்டு. குழல் 14.66 மில்லிமீட்டர், குண்டு 14.43. ஒன்றரை மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டரா ஆயிடுச்சு. இவ்வளவு நெருக்கமா இருந்தா வழுக்கணுமே? தோட்டாக் காகிதத்துல கொழுப்பு தடவினாங்க. அந்தக் காகிதத்தைப் பல்லால கடிச்சுக் கிழிக்கணும். பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்புன்னு பேச்சு பரவுச்சு. அப்புறம் நடந்த 1857 நமக்குத் தெரியும். கலகத்துக்குக் காரணம் இது ஒண்ணு மட்டும் இல்ல, ஆனா பொறி பத்தினது இங்கேதான். அந்தச் சண்டையிலேயே குழல் கரி பிடிச்சுக் குண்டு சிக்குதுன்னு புகார் வர, பிறகு குண்டை 13.97-க்குக் குறைச்சாங்க. இடைவெளி மறுபடி பெருசாச்சு.

இப்போ திரும்ப எங்க ஊருக்கு. டிலனாய் உதயகிரிக் கோட்டையில உலைக்களம் அமைச்சு பீரங்கியும் குண்டும் வார்க்க வெச்சார். போர்ல ஜெயிச்சுப் பிடிச்ச ஆயுதம் எத்தனை நாளைக்கு? குண்டு தீர்ந்ததும் எதிராளி கிட்டயே போய் நிக்கணும். குழலையும் குண்டையும் ஒரே அளவுல தானே வார்க்கத் தெரிஞ்சாத்தான் அந்த ஜெயம் நிலைக்கும். என்னைக் கேட்டா, குளச்சல்ல கிடைச்ச 389 துப்பாக்கியை விட, புலியூர்க்குறிச்சியில எரிஞ்ச அந்த உலைதான் பெரிய வெற்றி. அதுக்கு இன்னும் ஒரு தூண் யாரும் நடல.