கல்லீரலுக்குப் போகும் வழி

பிரெஞ்சுக்காரருக்கு எது வந்தாலும் கல்லீரல்தான் காரணம். தலைவலியா, வாந்தியா, 'கிரீஸ் த ஃபுவா' என்று முடித்துவிடுவார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் கல்லீரலையும் பக்கத்துப் பித்தப்பையையும் படம் பிடிப்பது லேசான காரியமாக இருக்கவில்லை.

என் வயதுக்காரர்களுக்குப் பித்தப்பை எக்ஸ்ரே நினைவிருக்கும். ராத்திரி மாத்திரைகளை விழுங்கிப் படுத்து, காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும். அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் கிரஹாம், கோல் என்ற மருத்துவர்கள் 1924இல் இதற்கு வழி கண்டார்கள். முதலில் ஊசி, பிறகுதான் வாய்வழி. 1950களில் புழக்கத்துக்கு வந்த டெலிபேக் மாத்திரை தண்ணீரில் எளிதில் கரையாது. குடலில் பித்தநீர் சேர்ந்தால்தான் கரைந்து உள்ளே ஏறும். படம் விழாவிட்டால் பித்தப்பை கெட்டதா, குடல் மருந்தை வாங்கவில்லையா என்று சந்தேகம் வரும். மறுபடியும் மாத்திரை கொடுப்பார்கள். அல்ட்ராசவுண்ட் வந்ததும் அந்தக் கோப்பு மூடப்பட்டது.

எம்.ஆர்.ஐ.க்கு வழிகாட்டிய லாட்டர்பர், 1973 கட்டுரையிலேயே தண்ணீரில் மாங்கனீசு உப்பைக் கலந்து படம் மாறுவதைக் காட்டினார். ஆனால் 1988 முதல் சந்தையைப் பிடித்தது கடோலினியம் ஊசி. 2006இல் ஆஸ்திரியா, டென்மார்க் மருத்துவர்கள், சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தோல் இறுகிப்போகும் நோயை அந்த ஊசியோடு தொடர்புபடுத்தினார்கள். எங்கள் தெரு நண்பர் ஒருவருக்குக் குடலில் புற்று. கல்லீரலுக்குப் பரவியதா என்று பார்க்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர் என்பதால் ஊசி போட மருத்துவர் யோசித்தார். அந்த யோசனையில் போன நாட்கள் அவர் வீட்டாருக்குத்தான் தெரியும்.

மாங்கனீசைக் குடிக்கக் கொடுத்தால் என்ன? குடல் அதில் நூற்றுக்குச் சில பங்குதான் உள்ளே விடும். அந்தக் கெடுபிடி நல்லதற்கே. கிளாஸ்கோவில் மாங்கனீசுக் கனிமத்தை அரைத்த தொழிலாளர்களுக்கு நடை தள்ளாடி, குரல் அடங்கியதை ஜான் கூப்பர் 1837இலேயே எழுதிவைத்தார்.

இங்கேதான் ஸ்காண்டிநேவியர்களின் கெட்டிக்காரத்தனம். மாங்கனீசு குளோரைடோடு அலனின் என்ற அமினோ அமிலத்தையும் வைட்டமின் டி3ஐயும் சேர்த்தார்கள். குடல் கொஞ்சம் தாராளமாக வாங்கிக்கொள்ளும். குடல் ரத்தம் முதலில் போவது கல்லீரலுக்கு. பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொண்டு பித்தநீர் வழியே வெளியேற்றுவதால் மற்ற உறுப்புகளுக்குப் போவது சொற்பம். நல்ல கல்லீரல் படத்தில் பளிச்சென்று தெரியும். மாங்கனீசை வாங்காத புற்றுக்கட்டி கறுப்பாகவே நிற்கும். வெறும் வயிற்றில் குடித்துச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களிடமே ஒரு ஸ்வீடன் நிறுவனம் இதைச் சோதித்தது. மருந்தில்லாமல் எடுத்த படத்தைவிடக் கட்டிகள் தெளிவாகத் தெரிந்தன என்று 2024இல் முடிவு வந்தது.