கூழ்ச் சட்டியும் ரத்தக்கழிச்சலும்

கரிசல் பூமியில் நாய்க்கென்று யாரும் தனியாக உலை வைத்ததில்லை. வீட்டில் கம்பங்கூழ் கரைத்தால் சட்டியின் அடியில் மிஞ்சியதில் மோரை ஊற்றி நாய்க்கு வைப்பார்கள். சோளச்சோறு பொங்கினால் அடிப்பிடித்த காந்தல் அதன் பங்கு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று இன்று பெயர் சொல்லி விலை பேசுகிறார்களே, அத்தனையும் இந்தக் கூழில் வளர்ந்த வம்சம்தான். 2005இல் அஞ்சல் தலையில் ஏறிய ராஜபாளையத்து வெள்ளை நாயின் பாட்டன் பூட்டன்கள் கறிச்சோறு கண்டதெல்லாம் கோயில் கொடை சமயத்தில்தான்.

அந்தப் பக்கத்து அரசு கால்நடை மருந்தகங்களில்தான் என் உத்தியோக காலம் கழிந்தது. ஊரில் எனக்குப் பெயர் மாட்டு டாக்டர். நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மாட்டுக்காரர்கள் எல்லாரும் போகும்வரை வேப்பமரத்தடியில் கூச்சத்தோடு நிற்பார்கள்.

“நாய் மாமிசப் பிராணி, அதற்குப் போய்க் கூழா?” என்று பட்டணத்து ஆட்கள் கேட்பதுண்டு. 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நாயின் மரபணுக்களை ஓநாயின் மரபணுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் கணைய அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டே பிரதிகள். நாயிடம் நாலிலிருந்து முப்பது வரை. மனிதன் பயிர் செய்யத் தொடங்கிய பிறகு அவன் எறிந்த மிச்சத்தைத் தின்று தின்று நாயின் குடல் மாறியிருக்கிறது. கூழ் மட்டும் போதும் என்று இதற்கு அர்த்தமில்லை. கூழில் வளர்ந்த குட்டிகளுக்குப் புரதம் குறைந்து விலா எலும்பு தெரிந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் கூழ் நாய்க்கு ஆகாத உணவு அல்ல.

வேட்டை இருந்த காலத்தில் அந்தப் புரதக் குறையை முயல் கொஞ்சம் ஈடுகட்டியது. கறி வீட்டுக்கு, குடல் நாய்க்கு. அந்தக் குடலோடுதான் நாடாப்புழுவும் வந்தது. முயலின் வயிற்றில் நீர்க்கட்டியாக இருக்கும் புழு, நாயின் குடலில் போய் முழு நாடாவாக வளரும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, வேட்டை மெல்ல ஒடுங்கியபோது இந்தப் புழுவும் குறைந்தது. அந்தச் சட்டத்தால் நாயின் வயிற்றுக்குக் கிடைத்த லாபத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை.

புழுவுக்கு மருந்து நம் வெற்றிலைப் பெட்டியிலேயே இருந்தது என்பது இன்னும் வேடிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வேட்டைநாய் வளர்த்தவர்கள் கொட்டைப்பாக்கை இடித்துப் பொடியாக்கி நாய்க்குக் கொடுத்தார்கள். பாக்கிலுள்ள அரிகோலின் புழுவை முடக்கும். நாயின் குடலையும் முறுக்கிப் பேதியாக்கி வெளியே தள்ளும். 1960களில் நியூசிலாந்தில் பண்ணை நாய்களுக்கு இந்த அரிகோலினையே வரிசையில் நிறுத்திக் கொடுத்தார்கள். அளவு கொஞ்சம் கூடினாலும் நாய் சுருண்டுவிடும். பிராசிகுவான்டெல் மாத்திரை வந்த பிறகு இந்த வதை ஒழிந்தது. இன்றைக்கும் யாராவது பாக்குப் பொடி யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது பட்டினியைப் பற்றி. “வயித்தால போனா வயித்தக் காயப்போடு” என்பது கிராமத்தின் தீர்ப்பு. நாய் அருகம்புல்லைத் தின்று வாந்தி எடுத்தால், அதுவே தனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டது என்று விட்டுவிடுவார்கள். கண்டதைத் தின்றதால் வந்த சாதாரணக் கழிச்சலில் ஒரு வேளை பட்டினி பெரிதாகக் கெடுத்ததில்லை. ஆகவே அந்தத் தீர்ப்பு நிலைத்தது. கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஏறக்குறைய அதேதான்: வாந்தி நிற்கும்வரை வாய்வழி எதுவும் வேண்டாம்.

இந்த நிலையில்தான் குட்டிகளுக்கு ரத்தக்கழிச்சல் தரும் பார்வோ வைரஸ் வந்தது. 1978இல் இந்த வைரஸ் உலகுக்கே புதிது. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நெருங்கிய உறவு. இரண்டு வருடத்துக்குள் கண்டம் கண்டமாகத் தாவிவிட்டது. 1980களின் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்து இந்நோய் பற்றிய அறிக்கைகள் வந்தன. நாய்க்கான தடுப்பூசி தயாராகாத முதல் நாட்களில், பூனைக்கான ஊசியையே நாய்க்குப் போட்டுச் சமாளித்த நாடுகள் உண்டு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கார்மைக்கேலும் ஆப்பெலும் நாய்க்கென்று தடுப்பூசி உருவாக்கினார்கள்.

“சார், நேத்துலருந்து தண்ணி கூட இறங்கல. ரத்தமாப் போகுது” என்று குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார்கள். வாசலிலேயே அந்த நாற்றம் சொல்லிவிடும். குடலின் உள்சுவரைப் புதுப்பிக்கும் செல்களை இந்த வைரஸ் அழிக்கிறது. எலும்பு மஜ்ஜையையும் விடுவதில்லை. வெள்ளணுக்கள் சரிய, குடல் சுவர் உரிய, குடலில் கிடந்த கிருமிகள் ரத்தத்துக்குள் நுழைகின்றன. நரம்பில் ரிங்கர் லாக்டேட் ஏற்றி, கிருமி எதிர்ப்பு ஊசி போட்டு, வாந்தியை அடக்கி, வாயைக் கட்டி வைத்தோம். அன்றைய முறை அது.

2003இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு இதை மாற்றியது. பார்வோ கண்ட 30 குட்டிகளில் 15க்கு, சேர்த்த 12 மணி நேரத்திலிருந்தே மூக்குக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுத்தார்கள். மற்ற 15 குட்டிகளுக்கு வாந்தி நிற்கும்வரை பட்டினி. உணவு பெற்றவை ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகத் தேறின, 15ம் பிழைத்தன. பட்டினி கிடந்தவற்றில் 13 பிழைத்தன. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் காரணம் தெளிவு. குடல் சுவரின் செல்கள் ரத்தத்தை மட்டும் நம்பி வாழ்வதில்லை. குடலுக்குள் வரும் உணவிலிருந்தும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன. பட்டினி போட்டால் புண்பட்ட சுவர் இன்னும் மெலியும்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு கிழவி ஞாபகத்துக்கு வந்தார். டாக்டர் சொல்லைக் கேட்காமல், குழைந்த சோற்றுக் கஞ்சியில் உப்புப் போட்டு, சங்கால் சொட்டுச் சொட்டாகத் தன் குட்டிக்குப் புகட்டியவர். 1971இல் வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்துக் காலராவிலிருந்து மக்களைக் காப்பாற்றினாரே, அதே சூத்திரம்தான் கிழவியின் சங்கிலும் இருந்தது. சர்க்கரையோ மாவுச்சத்தோ கூட வந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். பார்வோவைக் கஞ்சி மட்டும் குணமாக்காது. ஓயாமல் வாந்தி எடுக்கும் குட்டிக்குச் சங்கால் புகட்டினால் நுரையீரலில் ஏறும் ஆபத்தும் உண்டு. ஆனால் கஞ்சிப் பழக்கம் சரி, பட்டினிப் பழக்கம் தவறு என்பதே என் முடிவு.

குட்டி வளர்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி போடுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை தொடருங்கள். அதுவரை தெரு மண்ணில் இறக்காதீர்கள். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பினாயிலுக்கு அது சாகாது, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுங்கள். வயிறு போனால் வெங்காயம், மசாலா எதுவும் சேராத குழைந்த சோற்றை, தோலும் எலும்பும் நீக்கி அவித்த கோழிக்கறியோடு, சிறிது சிறிதாகப் பல வேளை வையுங்கள். மலத்தில் ரத்தம் கண்டாலோ, தண்ணீர் வயிற்றில் தங்காவிட்டாலோ விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.